வழியில் இருக்கும் பணம்

ஒரு சின்னக் கேள்வி. இந்த விநாடியில் இந்தியாவின் எல்லா வங்கிக் கணக்குகளிலும் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபாய் இருக்கிறது? ரிசர்வ் வங்கி கவர்னரைக் கேட்டாலும் பதில் கிடைக்காது. அவர் ரகசியம் காக்கிறார் என்பதால் அல்ல. கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. நாக்பூருக்கும் கொச்சிக்கும் பொதுவான 'இந்த விநாடி' என்று ஒன்று கிடையாது.

பழைய நாட்களில் வங்கிகள் இதற்கு எளிய வழி வைத்திருந்தன. பிற்பகலில் கவுன்ட்டரை மூடுவார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லெட்ஜர்களைக் கூட்டுவார்கள். பத்து பைசா உதைத்தால் அது அகப்படும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஆண்டுக் கணக்கு முடிக்க ஏப்ரல் 1ம் தேதி வாடிக்கையாளர்களுக்குக் கதவடைப்பு. அதாவது, உலகத்தைக் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லிவிட்டு எண்ணுவது.

இப்போது உலகம் நிற்பதில்லை. 2016ல் தொடங்கிய யு.பி.ஐ. வழியாக 2023 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. ராத்திரி, பகல், ஞாயிறு, தீபாவளி எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 4,000. ஓடுகிற ரயிலில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் பயணிகளை ரயிலை நிறுத்தாமல் எண்ணுவது எப்படி என்பதுதான் பிரச்னை. இதற்கு விடை கண்டவர்கள் இருவர். ஒருவர் கோட்டயத்தில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, டெக்சாஸில் பேராசிரியராக இருந்த கே. மணி சாண்டி. இன்னொருவர் லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்கர். விடை வெளியான ஆண்டு 1985.

விடைக்கு முன் பிரச்னையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதில்தான் சுவாரஸ்யமே இருக்கிறது.

ஒரு வங்கிக்கு இரண்டே கிளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக்பூரில் 5 லட்சம் ரூபாய், கொச்சியில் 3 லட்சம். மொத்தம் 8 லட்சம். வெளியிலிருந்து பணம் வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. இரண்டு கிளைகளும் தங்களுக்குள் அனுப்பிக்கொள்கின்றன, அவ்வளவே. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு தணிக்கையாளர் நாக்பூருக்கு போன் போடுகிறார். "5 லட்சம்" என்கிறார்கள். குறித்துக்கொள்கிறார். அவர் ஒரு காபி குடித்துவிட்டு வருவதற்குள் நாக்பூர் 50,000 ரூபாயைக் கொச்சிக்கு அனுப்புகிறது, அதுவும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இப்போது கொச்சிக்கு போன். "மூன்றரை லட்சம்." கூட்டினால் எட்டரை லட்சம்! வங்கியில் திடீரென்று 50,000 ரூபாய் முளைத்துவிட்டது.

மறுநாள் வேறு விதமாக நடக்கிறது. நாக்பூரில் பணத்தை அனுப்பிய பிறகு கேட்கிறார்: நாலரை லட்சம். கொச்சியில் பணம் வந்து சேர்வதற்கு முன் கேட்கிறார்: 3 லட்சம். மொத்தம் ஏழரை. இன்றைக்கு 50,000 ரூபாய் ஆவியாகிவிட்டது. இரண்டு நாளும் யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் சொன்னது அவரவர் அளவில் சத்தியம். இரண்டு சத்தியங்களைக் கூட்டினால் ஒரு பொய் வருகிறது.

இந்த இரண்டு பிழைகளும் ஒரே ரகம் அல்ல என்பதைக் கவனியுங்கள். இரண்டாவதில் பணம் எங்கும் போகவில்லை. வழியில் இருக்கிறது. வழியில் இருப்பதையும் எண்ணினால் கணக்கு நேராகிவிடும். முதலாவது அப்படி அல்ல. நாக்பூர் அனுப்பியது கணக்கில் இல்லை, கொச்சி பெற்றது மட்டும் இருக்கிறது. குழந்தை பிறப்பதற்கு முன்பே அதற்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிய கதை. எந்த உலகத்திலும் அப்படி ஒரு நிலை இருந்திருக்க முடியாது.

எல்லாக் கிளைகளும் சரியாக 12 மணிக்கு எண்ணட்டுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். யாருடைய 12 மணிக்கு? ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் போக்கில் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். டெல்லியிலிருந்து கொச்சி ஆகாய மார்க்கத்தில் 2,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆக, டெல்லியில் "இப்போது மணி 12" என்று கூவினால் அது கொச்சிக்குக் கேட்க விநாடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். நமக்கு அது கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. சாதாரண கம்ப்யூட்டரின் சிப் அதற்குள் 3 கோடி தடவை துடித்துவிடும். 3 கோடி துடிப்புக்குள் எத்தனை கணக்குகள் மாறலாம்!

கூகுள் நிறுவனம் தன் டேட்டா சென்டர்களில் ஜி.பி.எஸ். கருவிகளையும் அணுக் கடிகாரங்களையும் வைத்து 'ஸ்பேனர்' என்ற தகவல் தளத்தை நடத்துகிறது. அதைப் பற்றி 2012ல் விவரமாக எழுதினார்கள். அத்தனை செலவு செய்தும் அவர்களுடைய கடிகாரம் "மணி இவ்வளவு" என்று சொல்வதில்லை. "இதற்கும் இதற்கும் இடையே" என்றுதான் சொல்கிறது. நேர்மையான கடிகாரம். நம் ஊர் ரயில் நிலைய அறிவிப்பாளர்களும் இந்த முறையைக் கடைப்பிடிக்கலாம்.

லாம்போர்ட் இந்தக் கடிகாரச் சிக்கலை 1978லேயே ஒரு கட்டுரையில் அலசியிருந்தார். சிதறிக் கிடக்கும் கம்ப்யூட்டர்களில் எது முந்தி, எது பிந்தி என்று சொல்லக் கடிகாரம் தேவையில்லை. செய்திகளே போதும் என்றார். ஒரு செய்தி பெறப்படுவதற்கு முன் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிச்சயம். செய்தித் தொடர்பே இல்லாத இரண்டு நிகழ்ச்சிகளில் எது முந்தி என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் கொள்கையை அறிந்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும். லாம்போர்ட்டுக்கும் அங்கிருந்துதான் பொறி கிடைத்தது.

அடுத்த கதை ஆஸ்டின் நகரத்தில். மணி சாண்டி அப்போது டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். லாம்போர்ட் அவரைப் பார்க்க வந்தார். இரவுச் சாப்பாட்டின்போது சாண்டி பிரச்னையை எடுத்து வைத்தார்: ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கூட்டத்தை நிறுத்தாமல், இடைஞ்சல் செய்யாமல், அதன் மொத்த நிலையைப் படம் பிடிப்பது எப்படி? இருவரும் கொஞ்சம் அதிகமாக ஒயின் அருந்தியிருந்ததால் அன்றைக்கு யோசனை ஓடவில்லை. மறுநாள் காலை குளிக்கும்போது லாம்போர்ட்டுக்கு விடை தோன்றியது. அவசரமாகக் கிளம்பி சாண்டியின் அறைக்குப் போனால், சாண்டி அதே விடையுடன் காத்திருந்தார். இதைச் சொல்லியிருப்பவர் லாம்போர்ட்டேதான். 1978ல் தான் எழுதியதை நேராகப் பொருத்தினாலே இது வந்துவிடும் என்றும் கூடவே சொல்கிறார். இருக்கலாம். ஆனால் சரியான கேள்வியைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தவர் சாண்டி. ஆராய்ச்சியில் பாதிக் கிணறு அதுதான்.

விடை இவ்வளவு எளிதா என்று வியக்க வைக்கும். இரண்டு கிளைகளுக்கும் இடையே தபால் பை போய்வருகிறது என்று கற்பனை செய்யுங்கள். ஒரே நிபந்தனை: முதலில் போட்டது முதலில் போய்ச் சேர வேண்டும், நடுவில் எதுவும் தொலையக் கூடாது. கணக்கெடுக்க விரும்பும் கிளை முதலில் தன் இருப்பைக் குறித்துக்கொள்கிறது. உடனே, வேறு எதையும் அனுப்புவதற்கு முன்னால், ஒரு மஞ்சள் சீட்டை மற்றக் கிளைக்கு அனுப்புகிறது. அவ்வளவுதான், பிறகு அது வழக்கம்போல் வேலையைப் பார்க்கலாம். மஞ்சள் சீட்டை முதன்முறையாகப் பெறும் கிளை அந்தக் கணமே தன் இருப்பைக் குறித்துக்கொண்டு, தன்னிடமிருந்து கிளம்பும் எல்லா வழிகளிலும் தானும் ஒரு மஞ்சள் சீட்டை அனுப்ப வேண்டும். இன்னொரு விதி: தன் இருப்பைக் குறித்த பிறகு, ஒரு வழியில் மஞ்சள் சீட்டு வந்து சேரும்வரை அந்த வழியாக வரும் பணத்தை எல்லாம் 'வழியில் இருந்தது' என்று தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். எல்லா வழிகளிலும் சீட்டு வந்துவிட்டால் வேலை முடிந்தது.

சரிபார்க்கலாம். நாக்பூர் தொடங்குகிறது: 5 லட்சம் என்று குறிக்கிறது, சீட்டை அனுப்புகிறது, பிறகு 50,000 அனுப்புகிறது. கொச்சிக்கு முதலில் வருவது சீட்டு. பணம் அதன் பின்னால்தான் வர முடியும். ஆகவே கொச்சி 3 லட்சம் என்று குறிக்கிறது. மொத்தம் 8. முளைத்த பணம் காணோம்.

இப்போது கொச்சி தொடங்கட்டும். 3 லட்சம் என்று குறித்துச் சீட்டை அனுப்புகிறது. சீட்டு வந்து சேர்வதற்கு முன்பே நாக்பூர் 50,000 ரூபாயை அனுப்பிவிட்டது. சீட்டைப் பார்த்ததும் நாக்பூர் நாலரை லட்சம் என்று குறித்து, பதில் சீட்டை அனுப்புகிறது. கொச்சிக்கு முதலில் 50,000 வருகிறது, பிறகு சீட்டு. சீட்டுக்கு முன் வந்ததால் அந்த 50,000 'வழியில் இருந்தது'. மூன்று, நாலரை, அரை. மொத்தம் 8. ஆவியான பணமும் திரும்பி வந்துவிட்டது. இரண்டு கிளைக்குப் பதில் இருபதாயிரம் கிளை இருந்தாலும் இதே விதிகள்தான். தலைமை அலுவலகம் என்று ஒன்று வேண்டாம். கடிகாரம் வேண்டாம். யாரும் ஒரு கணம்கூட ஷட்டரை இறக்க வேண்டாம்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் இது ஒரு நல்ல தந்திரம், அவ்வளவே. கட்டுரையின் ஆழம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. இப்படிக் கிடைக்கும் படம் எந்த நேரத்துப் படம்?

நாக்பூர் 5 லட்சம் என்று குறித்து, சீட்டை அனுப்பி, அதன் பின்னாலேயே 50,000 அனுப்புகிறது. சீட்டு இன்னும் கொச்சிக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குள் கொச்சி தன் பங்குக்கு 20,000 ரூபாயை நாக்பூருக்கு அனுப்புகிறது. பிறகு சீட்டு வருகிறது. கொச்சி 2,80,000 என்று குறிக்கிறது. நாக்பூர் 20,000 'வழியில் இருந்தது' என்று எழுதுகிறது. கூட்டல் சரி: 8 லட்சம். ஆனால் உண்மையில் கொச்சி 20,000 அனுப்பியபோது நாக்பூரின் 50,000 ஏற்கனவே கிளம்பிவிட்டது. நாக்பூரில் 5 லட்சமும் கொச்சியில் 2,80,000மும் ஒரே நேரத்தில் இருந்த கணம் எந்தக் கடிகாரத்திலும் இல்லை. நடக்காத ஒன்றைப் படம் பிடித்திருக்கிறோம்!

கள்ளக் கணக்கா? இல்லை என்று சாண்டியும் லாம்போர்ட்டும் நிரூபித்தார்கள். நாக்பூர் சற்று மெதுவாகவும் கொச்சி சற்று வேகமாகவும் இருந்திருந்தால் அந்த நிலை நடந்திருக்கும். இரண்டு கிளைகளும் தங்களிடம் உள்ள எந்த ஆவணத்தை வைத்தும் "அப்படி நடக்கவில்லை" என்று சொல்ல முடியாது. தொடங்கிய நிலையிலிருந்து அந்தப் படத்துக்குப் போக ஒரு நேர்மையான பாதை இருக்கிறது. அந்தப் படத்திலிருந்து முடிந்த நிலைக்கு வரவும் ஒரு பாதை இருக்கிறது. ஆகவே ஒருமுறை உண்மையானால் பிறகு மாறவே மாறாத விஷயங்களைக் கண்டுபிடிக்க அந்தப் படம் போதும். படத்தில் அது உண்மையாக இருந்தால் இப்போதும் உண்மை.

அப்படி மாறாத விஷயங்கள் என்னென்ன? வேலை முழுதும் முடிந்துவிட்டது என்பது ஒன்று. இன்னொன்று, எல்லாம் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது என்பது. நாற்சந்தியில் நாலு லாரிகள், ஒவ்வொன்றும் அடுத்தது நகரட்டும் என்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தானாகத் தீராது. போலீஸ்காரர் வந்து ஒரு லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் கூட்டத்தில் இதே முட்டுக்கட்டை வரும்போது, சந்தி முழுவதையும் பார்க்கிற உயரத்தில் எந்தப் போலீஸ்காரரும் இல்லை. ஒவ்வொரு லாரிக்கும் தன் முன்னால் நிற்கும் லாரி மட்டுமே தெரியும்.

இதற்கும் சாண்டி ஒரு வழி சொன்னார். 1983ல் வந்த அந்தக் கட்டுரையில் அவருடன் இருந்தவர்கள் கட்டாக்கில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ஜெயதேவ் மிஸ்ராவும், டெக்சாஸில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த லாரா ஹாஸும். ரொம்ப நேரம் காத்திருக்கும் ஒருவர், தான் யாருக்காகக் காத்திருக்கிறாரோ அவரிடம் தன் பெயர் எழுதிய விசாரணைச் சீட்டை அனுப்புவார். அவரும் காத்திருப்பவராக இருந்தால், அவர் யாருக்காகக் காத்திருக்கிறாரோ அவருக்குத் தள்ளிவிடுவார். சும்மா இருப்பவரிடம் வந்தால் சீட்டு அங்கேயே செத்துவிடும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் அனுப்பியவரிடமே அவருடைய சீட்டு திரும்பி வந்தால்? வட்டம் உறுதி. அரசு அலுவலகத்தில் ஒரு ஃபைலுக்காக அலைந்து, நாலாவது மேஜைக்காரர் முதல் மேஜைக்கே அனுப்பிவைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த அல்காரிதத்தை விளக்கவே தேவையில்லை.

முட்டுக்கட்டையைக் கண்டுபிடிப்பது ஒரு பக்கம், வராமல் தடுப்பது இன்னொரு பக்கம். டச்சுக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965ல் கிளப்பிய புதிர் ஒன்று கம்ப்யூட்டர் மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். வட்ட மேஜையைச் சுற்றி ஐந்து தத்துவ ஞானிகள், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஒரே ஒரு முள்கரண்டி, சாப்பிட இரண்டு வேண்டும். கையால் சாப்பிடும் தேசத்தில் இந்தப் புதிர் தோன்றியிருக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் இடப்பக்க முள்கரண்டியை எடுத்துக்கொண்டால் எல்லோரும் பட்டினி. சாண்டியும் மிஸ்ராவும் 1984ல் சொன்ன விடை மனிதத்தனமானது. சாப்பிட்டு முடித்ததும் முள்கரண்டி எச்சில் ஆகிறது. எச்சில் முள்கரண்டியைப் பக்கத்துக்காரர் கேட்டால் கழுவிக் கொடுத்துவிட வேண்டும். கழுவிய முள்கரண்டியைப் பெற்றவர், தான் சாப்பிடும்வரை அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம். தொடக்கத்தில் மட்டும் முள்கரண்டிகளை ஒரு வட்டம் உண்டாகாதபடி பங்கிட்டுவிட வேண்டும். அதன் பிறகு யாரும் மேற்பார்க்காமலே எல்லோருக்கும் முறை வந்துவிடும். இட ஒதுக்கீடு பற்றி நாம் இத்தனை ஆண்டுகளாக நடத்தும் சண்டையில் யாராவது இதைப் படித்துப் பார்த்தார்களா தெரியவில்லை.

சாண்டியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிறந்தது 1944. சென்னை ஐ.ஐ.டி. தொடங்கியது 1959ல். சாண்டி பட்டம் பெற்றது 1965ல். அந்த வளாகத்தின் புகழ்பெற்ற ஐ.பி.எம். 370 கம்ப்யூட்டர் வந்ததே 1973ல்தான். அதற்குள் சாண்டி அமெரிக்கா போய், எம்.ஐ.டி.யில் 1969ல் டாக்டர் பட்டம் வாங்கி, டெக்சாஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1975ல் மற்ற மூவருடன் சேர்ந்து, கம்ப்யூட்டருக்குள் வேலைகள் வரிசையில் காத்து நிற்பதைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார். 1988ல் மிஸ்ராவுடன் சேர்ந்து ஒரு புத்தகம். 1989ல் கலிபோர்னியாவில் கால்டெக்குக்கு மாறினார்.

கால்டெக்கில் அவர் பங்கெடுத்த ஒரு வேலையைக் குறிப்பிட வேண்டும். நிலநடுக்கத்துக்குப் பேர்போன தெற்குக் கலிபோர்னியாவில் வீடுகளிலும் கட்டடங்களிலும் மலிவான அதிர்வுக் கருவிகளைப் பொருத்தி ஒரு வலைப்பின்னல் அமைத்தார்கள். ஒரு கருவி அதிர்ந்தால் அதற்கு அர்த்தம் இல்லை. லாரி போயிருக்கலாம், பையன் மாடிப்படியில் குதித்திருக்கலாம். எத்தனை கருவிகள், எங்கெங்கே, எவ்வளவு நேரத்துக்குள் அதிர்ந்தன என்பதை வைத்து விநாடிகளுக்குள் முடிவெடுக்க வேண்டும். வங்கிக் கிளைகளுக்குப் பதில் வீடுகள். கேள்வி பழையதுதான்: ஆளுக்கொரு துண்டுச் செய்தி மட்டுமே தெரிந்த இடத்தில் மொத்தத்தில் என்ன நடக்கிறது என்று எப்படிச் சொல்வது?

1985ம் ஆண்டுக் கட்டுரைக்கு டைக்ஸ்ட்ரா பெயரிலான பரிசு கிடைத்தது 2014ல். 29 ஆண்டுகள்! லாம்போர்ட்டுக்கு அதற்கு முந்தைய ஆண்டுக்கான டூரிங் விருது, கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்று சொல்லப்படுவது. அமெரிக்கக் கம்பெனிக்கு இந்தியர் ஒருவர் தலைவரானால் அவர் எந்தப் பள்ளியில் படித்தார், அவருடைய பாட்டி என்ன சமைத்தார் என்பதுவரை நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. சாண்டியின் பெயரைப் பாடப் புத்தகத்துக்கு வெளியே கேட்டவர்கள் எத்தனை பேர்? கோட்டயத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

மஞ்சள் சீட்டு வெறும் கரும்பலகைச் சரக்காக நின்றுவிடவில்லை. பெர்லினில் பிறந்த 'ஃபிளிங்க்' என்ற மென்பொருள், ஆறாக ஓடிவரும் தகவல்களை ஓட ஓடவே கணக்கிடுகிறது. நடுவில் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க முடியாது. அதற்காக அவ்வப்போது தன்னைத்தானே படம் பிடித்து வைத்துக்கொள்கிறது. தகவல் ஓட்டத்தின் நடுவே சீட்டுகளை மிதக்கவிடும் அந்த முறை, சாண்டி–லாம்போர்ட் முறையைத் திருத்திச் செய்தது. 'வரிசை மாறக் கூடாது' என்ற நிபந்தனையைத் தளர்த்தும் வழியையும் லாய், யாங் என்ற இருவர் 1987லேயே காட்டிவிட்டார்கள்.

'எதுவும் தொலையக் கூடாது' என்ற இன்னொரு நிபந்தனை அவ்வளவு சுலபத்தில் தளராது. நிஜ உலகில் செய்தி தொலையும், கம்ப்யூட்டர் படுக்கும். பதில் வரவில்லை என்றால் அந்தப் பக்கம் செத்துவிட்டதா, மெதுவாக இருக்கிறதா என்று இந்தப் பக்கம் தெரிந்துகொள்ள வழி இல்லை. அதே 1985ல் பிஷர், எம்.ஐ.டி.யின் பேராசிரியை நான்சி லிஞ்ச், பேட்டர்சன் ஆகிய மூவரும் இதன் விளைவைக் கறாராக நிரூபித்தார்கள். செய்தி போய்ச்சேர நேர வரம்பே இல்லாத அமைப்பில், ஒரே ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிடக்கூடும் என்றிருந்தால்கூட, மற்றவை ஒரு முடிவுக்கு வந்தே தீரும் என்று உத்தரவாதம் தரும் நிச்சயமான வழிமுறை எதுவும் கிடையாது. இனிமேல் கண்டுபிடிப்பார்கள் என்ற நம்பிக்கைக்கும் இடம் இல்லை. அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்பதுதான் நிரூபணம்.

மருந்துக் கடையில் 850 ரூபாய்க்கு மொபைலைக் காட்டுகிறீர்கள். உங்கள் கணக்கில் பற்று எழுதியாகிவிட்டது. கடைக்காரருக்கு வரவில்லை. திரையில் 'பெண்டிங்'. பின்னால் வரிசை நிற்கிறது. கடைக்காரர் மருந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். அவரிடமும் தப்பு இல்லை, உங்களிடமும் தப்பு இல்லை. நாக்பூர் அனுப்பிவிட்டது, கொச்சி பெறவில்லை, அவ்வளவுதான். ஏழரை லட்சக் கணக்கு. மாதக் கடைசியில் கணக்கில் இருந்ததே அந்த 850தான் என்றால், 'பணம் எங்கும் போய்விடாது' என்ற சித்தாந்தம் அன்றைக்கு ராத்திரி மாத்திரை வாங்கித் தராது.

ரிசர்வ் வங்கி இதற்கு 2019 செப்டம்பரில் விதிகள் வகுத்தது. ஒருவர் இன்னொருவருக்கு யு.பி.ஐ.யில் அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதற்கும், ஏ.டி.எம்.மில் பணம் வராமல் பற்று மட்டும் விழுந்ததற்கும் ஐந்து நாள். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய். வாடிக்கையாளர் புகார் கொடுக்கக் காத்திராமல் வங்கி தானாகவே அதை வரவு வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. இந்தக் கடைசி வரியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் 'சர்வர் பிராப்ளம்' என்று கேட்கும்போது உதவும்.

நல்ல விதிதான். முடிவெடுக்க முடியாத இடத்தில் ஒரு கெடுவை வைத்து முடிவெடுக்கிறது. ஆனால் அது 'எவ்வளவு நாள்' என்பதற்கு மட்டும் பதில். 'எங்கே' என்பதற்கு இல்லை. யு.பி.ஐ.யில் மஞ்சள் சீட்டு ஓடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே சரிபார்க்கும் முறைகள் வேறு. ஆனால் 1985ம் ஆண்டுக் கட்டுரையில் 'வழியில் இருந்தது' என்பது ஒரு தனி வரி. இரண்டு இருப்புகளுக்கும் சமமான தகுதி அதற்கு உண்டு. அது இல்லாமல் கூட்டல் நேராகாது. நம்முடைய பாஸ்புக்கில் அந்த வரி கிடையாது. பற்று உண்டு, வரவு உண்டு, நடுவில் இருக்கும் பணத்துக்கு இடமே இல்லை. திரையில் வரும் 'பெண்டிங்' என்ற சொல் பணம் உங்கள் வங்கியை விட்டுக் கிளம்பிவிட்டதா, நடுவில் நிற்கிறதா, எதிர்த்தரப்பு வங்கியின் வாசலில் காத்திருக்கிறதா என்று சொல்வதில்லை. எந்தக் கட்டத்தில் பதில் வரவில்லை என்பது வங்கிகளின் பதிவுகளில் இருக்கும் தகவல். பார்க்க உரிமை இல்லாதவர் பணத்தின் சொந்தக்காரர் மட்டுமே.

அந்த வரியை அச்சடிக்கக் கூடுதலாக ஒரு கம்ப்யூட்டர்கூட வேண்டாம்: 'ரூ. 850. உங்கள் கணக்கில் பற்று காலை 10.42. எதிர்த்தரப்பு வங்கிக்கு அனுப்பியது 10.42. பதில் இல்லை. திரும்பவேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை.' கடைக்காரரிடம் காட்ட இவ்வளவு போதும்.